அப்பாவின் காப்பியில் கலந்த ராகி

காலை நடையை முடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, ஆளுக்கொரு தம்ளர் குடித்துவிட்டு, "இதை எப்படிச் செய்யறீங்க, எழுதிக் கொடுங்களேன்" என்று நீங்கள் கேட்க ஆரம்பித்து ஆறு மாதமாகிறது. உங்களில் ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு நெஞ்சு படபடப்பு, ஒருவருக்குத் தூக்கமே வருவதில்லை. காப்பி, டீ வேண்டாம் என்று சொல்லும் டாக்டர்கள் வேறு எதைக் குடிப்பது என்று சொல்வதில்லை. நீங்கள் கேட்பது நியாயம்தான். நான்தான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கிழவி ரகசியத்தைக் கட்டிக்காக்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள்.

ரகசியம் ஒன்றுமில்லை. ராகி இரண்டு பங்கு, பார்லி ஒரு பங்கு. தனித்தனியாக வறுக்க வேண்டும். ராகி கறுத்துவிடக் கூடாது, புளியங்கொட்டைத் தோலின் நிறம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். ஒன்றிரண்டாக அரைத்து, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் முடிந்தது. நாலு வரி. ஆனால் அந்த நாலு வரியை எழுத உட்கார்ந்தால், எனக்கு ஒன்பது முடிந்து பத்து நடந்த வருஷத்துத் தபசு காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்புக் காலம் முழுவதும் எழுந்து வந்து என் முன்னால் நிற்கிறது. அதைச் சொல்லாமல் இதை எழுத எனக்குக் கை வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்த காலம். தண்டில், அதாவது கண்டோன்மெண்டில், எங்கே பார்த்தாலும் காக்கிச் சட்டை. எங்கள் வீடு கோவிலுக்குப் பின்புறச் சந்தில் இருந்தது. கோவில் என்றால் உங்களில் பாதிப் பேர் சொல்வது போல் சர்ச். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். வீட்டில் அப்பா, அம்மா, நான், மூன்று பேர்தான். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அப்பா ராணுவக் கிடங்கு ஆபீசில் ஹெட் கிளார்க். காலை எட்டு மணிக்கு சைக்கிளில் போனால் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வருவார்.

அப்பாவுக்குக் காப்பி வெறும் குடிக்கிற பொருள் இல்லை, அவருடைய கௌரவமே அதில்தான் இருந்தது. சனிக்கிழமை தோறும் கடைத்தெருவுக்குத் தானே போய் பச்சைக் கொட்டை வாங்கிவருவார். பழைய பேப்பரில் பரப்பி, உடைந்ததையும் பூச்சி அரித்ததையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிவார். வறுப்பது அம்மா. கைப்பிடி வைத்த மிஷினில் அரைப்பது நான். "கண்ணைக் கட்டிட்டு ஒரு வாய் கொடுங்க, எந்த மலைத் தோட்டத்துக் கொட்டைன்னு சொல்றேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சவால் விடுவார். அவர்களும் தலையாட்டுவார்கள். அப்பாவின் மூக்கில் எந்நேரமும் பொடி ஏறியிருக்கும். அந்த மூக்குக்கு என்ன வாசனை தெரியும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு நாளைக்கு ஏழு தம்ளர். சாப்பாடு குறைந்தது, காப்பி குறையவில்லை. அந்த வருஷப் பிறப்பிலிருந்தே அவருக்கு வயிற்று வலி. பேசிக்கொண்டே இருப்பவர் சட்டென்று நிறுத்தி, தலையணையை எடுத்து வயிற்றில் அழுத்திக்கொண்டு மேஜை மேல் கவிழ்ந்துவிடுவார். எங்கள் டாக்டர், பிரசவத்திலிருந்து பல் பிடுங்குவது வரை எல்லாம் பார்க்கிற பழைய காலத்து மனுஷர், அப்பாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"புண்ணு. காப்பியை இன்னைக்கே நிறுத்துங்க. இல்லேன்னா ஒரு நாள் ரத்தமா வாந்தி எடுப்பீங்க."

அப்பா வீடு வந்து சேர்ந்தார். வந்ததும் முதல் வார்த்தை, "காப்பி போடு."

அம்மா பார்லிக் கஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்துப் பார்த்தாள். தம்ளரோடு முற்றத்துச் சாக்கடைக்குப் போயிற்று.

ஆனேக்கல் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வாரத்துக்கு ஒரு தரம் மாட்டுவண்டியில் ராகி கொண்டுவருவாள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒன்றாகக் குழைந்த ஒரு பேச்சு அவளுடையது. ராகியை அளந்து போட்டுவிட்டு, பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து, தன் செம்பிலிருந்து கறுப்பாக எதையோ ஊற்றிக் குடிப்பாள். அந்த வாரம் வந்தபோது அம்மா கேட்டாள்.

"என்னம்மா அது, காப்பியா?"

"காப்பிக்கு நான் எங்கே போறது, அம்மா? ராகிதான். கெம்பா வறுத்து, தண்ணில போட்டுக் கொதிக்க வெச்சது. எங்க ஊட்ல எல்லாருக்கும் இதுதான். ஒட்டைக்குத் தம்பு."

கெம்பு என்றால் சிவப்பு, ஒட்டை என்றால் வயிறு, தம்பு என்றால் குளிர்ச்சி. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, செம்பு மூடியில் ஒரு வாய் ஊற்றி நீட்டினாள். அம்மா தடுப்பாள் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. குடித்தேன். பேக்கரி ரொட்டியின் கருகின ஓரத்தை நான் எப்போதும் தனியாகப் பிய்த்து வைத்துக் கடைசியில் தின்பேன். அந்த ஓரத்தையே யாரோ தண்ணீராக்கிக் கொடுத்த மாதிரி இருந்தது. முதலில் லேசான கசப்பு, முழுங்கின பிறகு நாக்கடியில் ஒரு தித்திப்பு.

"நல்லா இருக்கும்மா. காப்பி மாதிரியே இருக்கு."

நான்தான் சொன்னேன். அதை மறுக்க மாட்டேன். அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு நாலரை மணிக்கு நான் வந்ததும் அடுப்படிக் கதவு சாத்திக்கொள்ளும். ராகி மட்டும் போட்டால் கஞ்சி வாடை வந்தது. கோதுமை சேர்த்தோம், கொழகொழவென்று போயிற்று. பார்லி சேர்த்தோம், அதுதான் பொருந்தியது. கடைசியில் சட்டியில் ஒரு துண்டு வெல்லத்தைப் போட்டுக் கருக்கிப் புரட்டினால் நிறம் ஏறியது, காப்பியின் கசப்பில் முக்கால்வாசி வந்துவிட்டது. ஒவ்வொரு தரமும் அம்மா முதலில் எனக்குக் கொடுத்து என் முகத்தைப் பார்ப்பாள். நான் மூக்கைச் சுருக்கினால் கொட்டிவிடுவாள். அம்மா சிரித்து நான் பார்த்ததே குறைவு. அந்த நாட்களில் சிரித்தாள். புகையில் கண்ணீர் வழிய இரண்டு பேரும் சட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருப்போம். எனக்கு அக்கா இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று தோன்றும். அப்படி ஒரு நெருக்கம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

தபசு காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று ஆரம்பித்தோம். அப்பா தபசு காலத்துக்காகக் கறியை விட்டார், சீட்டாட்டத்தை விட்டார். காப்பியை விடவில்லை. அம்மா காப்பித்தூளில் கால் பங்கு எங்கள் தூளைக் கலந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வாரம் பாதி. மூன்றாவது வாரம் முக்கால். மூன்றாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை அப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு உதட்டைத் துடைத்தார்.

"இந்தத் தடவை கொட்டை பிரமாதம். பார்த்தியா? பொறுக்கிறதுலதான் இருக்கு எல்லாம்."

நாங்கள் அடுப்படிக்கு ஓடி, அம்மா முந்தானையையும் நான் பாவாடையையும் வாயில் திணித்துக்கொண்டு சிரித்தோம். நாலாவது வாரம் ஒரு பொட்டுக் காப்பி இல்லை. சனிக்கிழமை மட்டும் ஒரு பிடி கொட்டையை வறுப்போம், வீட்டில் வாசனை வருவதற்காக.

வலி வருவது குறைந்து, பிறகு நின்றே போயிற்று. அப்பா இரண்டாம் தரம் சோறு வாங்கிப் போட்டுக்கொண்டார். தலையணை கட்டிலுக்கே திரும்பியது. காலையில் சைக்கிளைத் துடைக்கும்போது விசில் அடித்தார். அவர் விசில் அடிப்பார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மிச்சமான பச்சைக் கொட்டையை என்ன செய்வது? வாராவாரம் அப்பா வாங்கி வருகிறாரே. "உன் பெட்டியில போட்டு வை. அதை யாரும் திறக்க மாட்டாங்க" என்றாள் அம்மா. என் தகரப் பெட்டி. அதில் என் ஞானோபதேசப் புத்தகமும், படங்களும், எல்லாவற்றுக்கும் மேலே துணியில் சுற்றிய என் வெள்ளைக் கவுனும் இருந்தன. பாஸ்குவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, அடுத்த ஞாயிறு எங்கள் வகுப்புக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். அம்மா தன் கல்யாணப் புடவையில் பாதியை வெட்டித் தைத்த கவுன் அது. கழுத்திலும் கீழ்விளிம்பிலும் லேஸ். தலையில் போட மெல்லிய வலை. காப்பிக்கொட்டைப் பைகளை அதற்கு அடியில் வைத்தேன், சனிக்கிழமை வாசனைக்கு வறுத்த பிடியும் அதில்தான் போயிற்று.

ஒரு நாள் எனக்குச் சந்தேகம் வந்தது. புதுநன்மைக்கு முந்தின நாள் முதல் பாவசங்கீர்த்தனம். பாவம் ஒன்றைக்கூட மறைக்கக் கூடாது என்று எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார் சொல்லியிருந்தார்.

"அம்மா, காப்பி விஷயத்தைச் சாமியார்கிட்ட சொல்லணுமா?"

அம்மா ராகி புடைப்பதை நிறுத்தவில்லை. "நோயாளிக்கு மருந்து கொடுக்கிறது பாவமா? மருந்தை யாரும் சங்கீர்த்தனத்துல சொல்றதில்லை."

எனக்கு நிம்மதியாக இருந்தது.

தபசு காலத்து ஐந்தாம் ஞாயிறு. பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தோம். கோலார் சுரங்க ஆபீசில் வேலை பார்த்த சித்தப்பா, காலை ரயிலில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். அப்பாவுக்கு ஒரே தம்பி. அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "முதல்ல காப்பி. என் தம்பிக்கு முதல் டிக்காஷன்ல போடு" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். வறுத்த கொட்டை அடுப்படியில் இல்லை, கூடத்தில் அவர்கள் கண்ணெதிரே என் பெட்டிக்குள் இருந்தது. வறுத்து அரைக்க நேரமும் இல்லை. அம்மா பாலை அதிகம் விட்டு, சர்க்கரையைத் தாராளமாகப் போட்டு, நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தாள்.

சித்தப்பா ஒரு வாய் குடித்தார். தம்ளரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன அண்ணே இது?"

"ஏன்? எப்படி இருக்கு?"

"காப்பியா இது? கேழ்வரகு மாதிரி இருக்கு."

அப்பா சிரித்தார். "டேய், உனக்கு அந்த ஊர்த் தண்ணி குடிச்சு நாக்கு செத்துப்போச்சு. நாலு வாரமா இதைத்தான் குடிக்கிறேன். ஒண்ணாம் நம்பர் கொட்டை."

"அண்ணே, காப்பி ஒரு சொட்டுகூட இல்லை இதுல. அண்ணி, நீங்களே சொல்லுங்க. சண்டைக்காலம்னு சிக்கனமா?" சித்தப்பா கெட்ட மனுஷர் இல்லை. விளையாட்டாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய் தூள் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளங்கையில் கொட்டினார். பொடி மூக்கைச் சிந்தித் துடைத்துவிட்டு முகர்ந்தார். ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டார். அவர் கழுத்திலிருந்து சிவப்பு ஏறியதை இப்போதும் பார்க்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டால் மலையைச் சொல்கிறவர், நாலு வாரம் ராகியைக் குடித்துவிட்டு ஒண்ணாம் நம்பர் என்றிருக்கிறார். தம்பி முன்னால் தெரிந்துபோயிற்று.

"யார் செஞ்சது?"

அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். நான் அவள் பக்கத்தில், அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு. எனக்குப் பயமில்லை. அம்மா சொல்வாள், மருந்து என்று சொல்வாள், வலி நின்றதே என்று சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"வறுக்கிறது அரைக்கிறதெல்லாம் இவகிட்டதான் விட்டிருந்தேன்" என்றாள் அம்மா. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கொட்டையைக் கருக்கிட்டு, பயந்துபோய் ராகியைக் கலந்திருப்பா."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த புடவையை மெல்ல இழுத்து விடுவித்துக்கொண்டாள்.

"அப்போ நான் வாங்கின கொட்டையெல்லாம் எங்கே?"

 என் கண் என்னையறியாமல் பெட்டிப் பக்கம் போய்விட்டது. அப்பா திறந்தார். கவுனைத் தூக்கிக் கட்டில் மேல் போட்டார். அடியில் பைகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன.

"சாமி புஸ்தகத்துக்குப் பக்கத்திலயா திருட்டுச் சாமான்?"

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அப்பா என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. சித்தப்பா, "விடுங்க அண்ணே, சின்னப் பொண்ணு" என்றார். சாப்பிட்டுவிட்டு மத்தியான ரயிலிலேயே போய்விட்டார்.

அம்மாதான் பெட்டியில் வைக்கச் சொன்னாள். அன்றைக்கே இப்படி ஒரு நாள் வரும் என்று நினைத்துத்தான் சொன்னாளா? இந்தக் கேள்வியை எத்தனையோ வருஷம் புரட்டிப் பார்த்துவிட்டேன். இல்லை என்றுதான் நம்ப ஆசை.

மறுநாள் காலை தலை பின்னும்போது அம்மா என் காதருகே குனிந்தாள்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோடி, பாப்பா. அவருக்குக் கோபம் தணியட்டும். நானே சொல்றேன். சத்தியமா சொல்றேன்."

நான் தலையாட்டினேன். அவ்வளவு சீக்கிரம் நம்பினேன்.

அன்று சாயங்காலம் ஞானோபதேச வகுப்பில் உபதேசியார் வரிசையை எண்ணிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும், "நீ தள்ளி உக்காரும்மா" என்றார். அப்பா காலையிலேயே கன்னியர் மடத்துக்குப் போய் மதரிடம் பேசிவிட்டு ஆபீஸ் போயிருக்கிறார். என்ன சொன்னார் என்பதை உபதேசியார் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பொய் சொன்ன நாக்கில் ஆண்டவரை வாங்கக் கூடாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாராம். முப்பது பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. வாயையே திறக்கவில்லை. அம்மா சொல்லிவிடுவாள், இன்னும் இரண்டு நாள், மூன்று நாள் என்று எண்ணிக்கொண்டு பின்பலகையில் உட்கார்ந்தேன்.

அப்பா காப்பிக்குத் திரும்பினார். வீம்புக்கு எட்டுத் தம்ளர். இந்தத் தடவை தானே நின்று வறுத்தார். நான் அடுப்படிக்குள் வரக் கூடாது என்று உத்தரவு. குருத்து ஞாயிறு போயிற்று. பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதையில் நடக்கும்போது அப்பா ஒவ்வொரு ஸ்தலத்திலும் கூட்டத்தோடு முழந்தாளிட்டார், எழும்போது தூணைப் பிடித்துக்கொண்டார். தலையணை மறுபடி மேஜைக்கு வந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கா, இன்றைக்கா என்று.

பாஸ்குவுக்கு அடுத்த நாள், ஆபீசிலிருந்து இரண்டு பேர் அப்பாவை ஜட்கா வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். சட்டை முன்புறமெல்லாம் பழுப்பாகக் கறை. அவர் எடுத்த வாந்தி காப்பிச் சக்கை மாதிரி இருந்தது. ரத்தம்தான் அப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னார். ஊசி போட்டார். ரொம்ப நேரம் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அறைத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"நடுவுல ஒரு மாசம் வலியே இல்லைன்னீங்களே. அப்போ என்ன குடிச்சீங்க?"

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் அம்மாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. இது விளையாட்டு இல்லை. உயிர் சமாச்சாரம்."

அம்மா சொல்லிவிட்டாள். ஆனேக்கல் அம்மாள், ராகி, பார்லி, கால் பங்கு, பாதி, முக்கால் எல்லாவற்றையும். "நான்தான் டாக்டர் கலந்தேன். நீங்க நிறுத்தச் சொன்னீங்க, இவர் கேக்கலை. எனக்கு வேற வழி தெரியலை" என்றாள்.

டாக்டர் கொஞ்சம் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, பால் இல்லாமல் குடித்துப் பார்த்தார். "புண்ணுக்கு இது மருந்து இல்லை. ஆனா காப்பியை விட்டதே பாதி மருந்து. இனிமே இதையே குடிங்க. உங்க சம்சாரம்தான் உங்களை ஒரு மாசம் காப்பாத்தினவங்க" என்றார்.

திரைக்குப் பின்னால் என் நெஞ்சு குதித்தது. முடிந்தது. அம்மா சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் இருக்கிறது. நான் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலருகே நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். எல்லாம் தெரிந்துதான் பார்த்தார்.

"பாப்பா, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார்.

அவ்வளவுதான்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். செவ்வாய் போயிற்று. புதன்கிழமை அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மாவின் இடது கன்னம் வீங்கியிருந்தது. பல் வலி என்றாள். பக்கத்து வீட்டு அம்மாள் கிராம்புத் தைலம் கொண்டுவந்து கொடுத்தாள். என்மேல் பழி போட்டதற்கு ஆண்டவர் கொடுத்த தண்டனை என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அது பல் வலி இல்லை என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது.

வியாழக்கிழமை உபதேசியார் அப்பாவைப் பார்க்க வந்தார். பேச்சோடு பேச்சாக, வகுப்பில் ஒரு பெண்ணுக்கு உடுப்புக்கு வழியில்லை என்றார். நூல் ஆலைக்கூலி ஒருவரின் மகள், என் பக்கத்தில் உட்காருகிறவள். அப்பா தலையைத் திருப்பாமலே சொன்னார்: "எங்க வீட்டில ஒண்ணு சும்மாதானே கிடக்கு. எடுத்துக் கொடு."

அம்மா என் பெட்டியைத் திறந்து, கவுனை எடுத்து, சுருக்கத்தை நீவி, வலையையும் சேர்த்து மடித்துக் கொடுத்தாள்.

அவள் பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன். "அப்பாவுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே அம்மா. நான் செய்யலைன்னு தெரியுமே. அப்புறம் ஏன்?"

"மதர்கிட்ட போய் மாத்திச் சொல்லச் சொல்றியா அவரை? உடம்பு இருக்கிற நிலைமையில?" என்றாள் அம்மா, வீங்கின கன்னத்தோடு, வார்த்தை சரியாக வராமல். "ஒரு வருஷம்தானேடி. ஓடிப்போயிடும்."

ஞாயிறன்று பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்தேன். மெழுகுவர்த்தி பிடித்து வரிசையாக வந்தார்கள். என் கவுன் அவளுக்குக் கொஞ்சம் பெரியது, விளிம்பு லேஸ் தரையில் இழுபட்டது. பூசை முடிந்ததும் அவள் என்னிடம் ஓடி வந்தாள். அவள்மேல் தப்பில்லை. சந்தோஷம் தாங்காமல் வந்தாள்.

"உன் கவுன்ல காப்பி வாசனை அடிக்குதுடி" என்றாள்.

அடுத்த வருஷம் புதுநன்மை வாங்கினேன். என்னைவிட ஒரு தலை குட்டையான பிள்ளைகளோடு, மடத்திலிருந்து இரவல் வாங்கின உடுப்பில். அதைப்பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

அப்பா தேறிவிட்டார். பொழுது விடிந்தால் அந்த ராகி நீர்தான். வருகிறவர்களுக்கெல்லாம் அதுவே. முதலில் "டாக்டர் சொன்னது" என்றார். பிறகு "நாங்க கண்டுபிடிச்சது" என்றார். யுத்தம் முடிவதற்குள் "நான் கண்டுபிடிச்சது" ஆகிவிட்டது. "காப்பி தெரிஞ்சவனுக்குத்தான் காப்பியை விடவும் தெரியும்" என்று ஆபீஸ்காரர்களிடம் விளக்குவார். எந்தச் சட்டி, எத்தனை நேரம், வெல்லம் எப்போது என்று கைகளை ஆட்டிச் சொல்வார். தெருவில் பத்து வீட்டிலாவது ராகி வறுபட்டது. அம்மா அவர் பின்னால் தட்டோடு நிற்பாள், தலையசைப்பாள். நான் அதைத் தொடவில்லை. பள்ளிக்கூடம் முடித்து, டீச்சராகி, கல்யாணம் செய்து, மூன்று பிள்ளை பெற்று, அத்தனை வருஷமும் அப்பா வீட்டுக்குப் போனால் வெறும் தண்ணீர்தான் கேட்பேன். ஏன் என்று அப்பா ஒரு நாளும் கேட்கவில்லை. எழுபத்தாறு வயது வரை இருந்தார். வயிற்றால் சாகவில்லை.

அதற்குப் பிறகு அம்மா என்னோடு வந்துவிட்டாள். அவளுக்காகத்தான் நான் மறுபடி சட்டியை அடுப்பில் வைத்தேன். அவளுக்குக் கொடுத்தபின் மிஞ்சியதைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது, இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று. ஆனால் மறுநாளும் குடித்தேன். நீங்கள் இப்போது குடிக்கிறது அதுதான், வெல்லம் மட்டும் இல்லை.

அம்மாவின் கடைசி வருஷத்தில் ஒரு நாள் என் பேத்தி அவளிடம், "பாட்டிம்மா, இதை யார் முதல்ல செஞ்சது?" என்று கேட்டாள். அம்மாவுக்கு அப்போது நினைவு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. படுக்கையில் சாய்ந்தபடி என்னைக் காட்டினாள்.

"உங்க பாட்டிதான். சின்னப் பொண்ணு, தெரியாம கொட்டையைக் கருக்கிட்டா. பயந்துபோய் அப்பாவுக்கு ராகியைக் கலந்து கொடுத்துட்டா. எவ்வளவு கலாட்டா!" என்று சிரித்தாள். பிறகு என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தட்டிக்கொடுத்தாள். "நான் அன்னைக்கே மன்னிச்சுட்டேன்டி. உன்மேல எனக்குக் கோபமே இல்லை."

எனக்கு அறுபது தாண்டியிருந்தது. பேத்தியை வெளியே போகச் சொன்னேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"நான் செய்யலை அம்மா. நீதான் கலந்தே. நீதான் கொட்டையை என் பெட்டியில வைக்கச் சொன்னே. நீதான் என்னைக் காட்டிக் கொடுத்தே. சொல்லு. இப்பவாவது ஒரு தடவை உன் வாயால சொல்லு!"

அம்மாவின் சிரிப்பு போய்விட்டது. என் கையை இறுகப் பிடித்தாள். கண் வாசல் பக்கம் போயிற்று.

"மெதுவாப் பேசுடி" என்றாள். "உங்கப்பாவுக்குக் கேட்டுடப் போகுது."

அப்பா இறந்து அப்போது பதினோரு வருஷம் ஆகியிருந்தது. நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.